பெங்களூர்க் குளிருக்கு ஒரு பஞ்சுப் போர்வை

எங்கள் ஊரில் போர்வைக்குப் பெரிதாக வேலை கிடையாது. மார்கழியில் சில நாள் விடிகாலையில் மூக்கு சில்லென்று இருக்கும். அதற்கு ஒரு பழைய வேட்டி போதும். அப்படிப்பட்ட திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு, அறுபதை நெருங்குகிற ஆண்பிள்ளையான நான் பஞ்சு வைத்துப் போர்வை தைக்கக் கிளம்பினேன் என்றால், அதற்குக் காரணம் என் மனைவி பெங்களூரில் இருந்ததுதான்.

மகளின் முதல் பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. ஐந்தாம் மாதம் அவளையும் குழந்தையையும் பெங்களூரில் கொண்டுபோய் விட்டபோது, “பழகற வரைக்கும் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தர்றனுங்க” என்று என் மனைவியும் ஒரு பெட்டியில் துணி எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் முடிந்தபோது மகளின் விடுப்பும் முடிந்தது. பிறகு குழந்தை தவழ்ந்தது, அப்புறம் நடந்தது. இப்போது பேத்தி விளையாட்டுப் பள்ளிக்குப் போகிறாள். அவளை அழைத்துப் போகவும் கூட்டி வரவும் ஆள் வேண்டும். யாரும் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. அவள் திரும்பி வருகிற நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

நானும் அங்கேயே போய் இருக்கலாம். இருந்தும் பார்த்தேன். மாப்பிள்ளை தங்கமானவர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். கூடத்து மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க யாருடனாவது இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பார். நான் சோபாவில் உட்கார்ந்தால் அவருக்குப் பின்னால் படத்தில் தெரிவேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. நானே எழுந்து படுக்கையறைக்குப் போவேன். அங்கே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். பால்கனிக்குப் போவேன், அங்கே துணி காயும். எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்கார அம்மா, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று போன் பண்ணியதும், அதையே சாக்காக வைத்து ரயில் ஏறிவிட்டேன்.

நான் பனியன் கம்பெனிகளில் துணிப் பொறுப்பு பார்த்தவன். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியின் எடையையும் அகலத்தையும் நிறத்தையும் பார்த்து, உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும்தான் வேலை. சாயம் ஒரு பொட்டு கூடினாலும் குறைந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பட்டறைக்காரர்கள் பயப்படுவார்கள். கடைசியாக வேலை பார்த்த கம்பெனியில் ஆர்டர் குறைந்து பாதி மிஷின்களை விற்றபோது, வயதானவர்களை முதலில் அனுப்பினார்கள். அனுப்பிய விதம் மரியாதையாகத்தான் இருந்தது. சால்வை போட்டு, இனிப்பு கொடுத்து, காரில் கொண்டுவந்து விட்டார்கள். இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்குள் வந்தேன். வீட்டில் யாரும் இல்லை.

தினமும் சாயங்காலம் வீடியோ கால் வரும். போனைப் பேத்திதான் பிடித்துக்கொள்வாள். அதனால் நான் பெரும்பாலும் பார்ப்பது அவர்கள் வீட்டு மின்விசிறியை. எங்கிருந்தோ என் மனைவியின் குரல் கேட்கும்.

“சாப்டீங்களா?”

“ஆச்சு.”

“என்ன பண்ணுனீங்க?”

“ரசம்.”

“நேத்தும் ரசந்தானுங்க சொன்னீங்க?”

“அதேதான். மிச்சம் இருந்துச்சு.”

அதற்குமேல் பேச்சு ஓடாது. அவளைச் சுற்றி எப்போதும் யாராவது இருந்தார்கள். என்னைச் சுற்றி யாரும் இல்லை. இரண்டுமே பேசுவதற்கு வசதியான இடங்கள் இல்லை.

மார்கழியில் ஒருநாள் பேத்தி போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு ஓடிவிட்டாள். மனைவியின் முகம் முழுதாகத் தெரிந்தது. காதை மூடி மப்ளர் கட்டியிருந்தாள்.

“என்ன புள்ள, ஊட்டுக்குள்ளயே மப்ளரு?”

“குளுருதுங்க. நான் கூடத்துலதான படுக்கறேன். பால்கனிக் கதவு சந்துல காத்து வருது.”

“போர்வை இல்லியா?”

“இருக்குது. நல்லா பொசுபொசுன்னு வாங்கி வெச்சிருக்கறாங்க. ஆனா வழுவழுன்னு இருக்குதுங்க. திரும்பிப் படுத்தா கீழ உளுந்துருது. கனமே இல்ல. மேல ஒண்ணு கெடக்குதுங்கற நெனப்பே வர மாட்டேங்குது.”

கேட்டு வாங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதையும் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுக்குச் சொன்னாள். ஆனால் போனை வைத்த பிறகும் அது என்னை விடவில்லை. மேலே ஒன்று கிடக்கிறது என்ற நினைப்பு வேண்டுமாம். கடையில் போய் கனமாக ஒன்று வாங்கி அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வேலையும் இல்லையே. வீட்டில் அவளுடைய தையல் மிஷின் உறையோடு மூலையில் நின்றது. பரண்மேல் இரண்டு மூட்டை நிறையத் துணித் துண்டுகள் இருந்தன. நானே தைப்பது என்று முடிவு செய்தேன்.

மூட்டையில் இருந்ததெல்லாம் கம்பெனி சாம்பிள்களில் மிஞ்சிய பனியன் துணி. அதன் குணம் எனக்குத் தெரியாதது இல்லை. இழுத்தால் வரும், வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். உடம்பு போகிற பக்கம் கூடவே போவதற்காகப் பின்னிய துணி அது. தெரிந்தும் அதில்தான் ஆரம்பித்தேன், கையில் இருந்தது அதுதான் என்பதால். அட்டை வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டினேன். மிஷினுக்குள் சதுரமாகப் போனவை வெளியே வரும்போது சதுரமாக இல்லை. ஒன்று நீண்டது, ஒன்று அகன்றது, இன்னொன்று மூலையில் காது முளைத்து நின்றது. எப்படியோ இழுத்துப் பிடித்து ஒட்டினேன். ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கிற பாலியஸ்டர் பஞ்சுத் தாளை நடுவில் வைத்து, கீழே ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கொடுத்துத் தைத்து முடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். ஈரத்தின் கனத்தில் அது கீழே இறங்க ஆரம்பித்தது. மத்தியானம் போய்ப் பார்த்தால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரிப்பு அதே அளவில் இருக்க, மேல்துணி மட்டும் தொங்கி வயிறு தள்ளியிருந்தது. உள்ளே இருந்த பஞ்சுத் தாள் ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது.

மாடி வீட்டு அம்மா வடாம் எடுக்க வந்தவர் நின்று பார்த்தார். “என்ன சார், பந்தல் கிந்தல் போடப் போறியளா?”

“இல்லீங்க. போர்வை.”

அவர் என்னையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “நம்ம ஊரு வெயிலுக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வடாமை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் போர்வை இப்போது என் ஸ்கூட்டரை மூடிக் கிடக்கிறது. வண்டிக்கு நன்றாகப் பொருந்துகிறது.

தோற்றுப்போனதில் ஒரு லாபம் இருந்தது. மறுநாள் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் கிடைத்தது. காங்கேயம் சாலையில் ஒரு மெத்தைக் கடை. பஞ்சு அடிக்கும் மிஷின் பின்பக்கம் ஓடும். கடைக்காரர் முன்னால் உட்கார்ந்திருப்பார். தாடியிலும் தொப்பியிலும் பஞ்சு படிந்து, உட்கார்ந்த இடத்திலேயே பனி பெய்ததுபோல் இருப்பார். ஊரில் எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் பாய் என்றே கூப்பிட்டேன்.

“பஞ்சு வேணும் பாய். எது நல்லது?”

“படுக்கறதுக்குங்களா, போத்தறதுக்குங்களா?”

“போத்தறதுக்கு.”

“அப்ப இலவம்பஞ்சு கேக்காதீங்க. அது தலகாணிக்குத்தான். போர்வைக்குள்ள போட்டா நழுவி நழுவி ஓரத்துக்கு ஓடீரும்.” அவர் ஒரு மூட்டையைப் பிரித்து அழுக்கு வெள்ளையில் ஒரு பிடி எடுத்துக் காட்டினார். “இது மில்லுக் கழிவுங்க. நார் குட்டை. ஒரு தடவ தொவைச்சா கட்டி கட்டியா நிக்கும்.” இன்னொரு பிடி எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தார். சிலந்தி நூல்போல் இழுபட்டு வந்தது. “இந்த நீள நார்தான் போத்தறதுக்கு. ஆனா நாலு வெரலுக்கு ஒரு தையல் ஓட்டோணும். சாண் கணக்குல விட்டீங்கன்னா இதுவுங்கூட நிக்காது.”

“கனமா இருக்கோணும் பாய். மேல கெடக்குதுன்னு தெரியோணும்.”

“எத்தன கனம்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்னை ஒரு மெத்தைமேல் உட்காரச் சொன்னார். ஒரு துணியில் பஞ்சைப் பரப்பி என் தோள்மேல் போட்டார். இன்னும் கொஞ்சம் பஞ்சு சேர்த்து மறுபடியும் போட்டார். ரோட்டில் பஸ் போகிறது, கடைக்கு ஆள் வருகிறார்கள், நான் பஞ்சைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது தடவை தோள் தானாகத் தளர்ந்தது. யாரோ மெதுவாகக் கை வைத்ததுபோல் இருந்தது. “இதுதான் பாய்” என்றேன். அவர் இரண்டு மெல்லிய மல் துணிகளுக்கு நடுவே அதைச் சீராகப் பரப்பித் தருவதாகச் சொன்னார்; அப்போதுதான் பஞ்சு மேல்துணியைத் துளைத்து வெளியே வராதாம்.

“யாருக்குங்க?” என்று கடைசியில் கேட்டார்.

“ஊட்டுக்காரிக்கு. பெங்களூர்ல இருக்குது.”

“நீங்க இங்கீங்களா?”

“ஆமாங்க.”

அவர் டீ சொன்னார். இரண்டு பேரும் குடித்தோம்.

மேல்துணிக்கு இந்தத் தடவை இழுபடாத நெய்த துணிதான் என்று தீர்மானித்திருந்தேன். காதர்பேட்டையில் பனியன் துணிக்கடை நூறு இருந்தால் நெய்த துணி விற்கிற கடை ஒன்று இரண்டுதான் இருக்கும். ஒரு கட் பீஸ் கடையில் சட்டைத் துணியும் சுடிதார்த் துணியும் குவித்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் காட்டன் என்றுதான் சொன்னார்கள். நான் ஒரு நூலை உருவி, வாசலுக்குப் போய்த் தீக்குச்சி கிழித்துக் கொளுத்தினேன். சாம்பலாகி உதிர்ந்தால் பருத்தி. உருகி மணிபோல் உருண்டால் பாலியஸ்டர்.

கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். “ஏனுங்க, துணிக்கடை வாசல்ல நெருப்பா? இத்தன நாள் யாவாரத்துல இப்புடி ஒரு ஆளப் பாக்கலீங்க.”

“மன்னிச்சுக்குங்க. பழக்கதோசம்.”

“காட்டனாச்சும் வந்துச்சுங்களா?”

“வந்துச்சுங்க.”

“அப்ப எடுத்துட்டுப் போங்க சாமி, மொதல்ல.”

ஆனால் எந்த நிறத்தில் எடுப்பது? அங்கேதான் கை நின்றது. வெள்ளையிலேயே பத்து வெள்ளை பிரித்துச் சொல்லத் தெரிந்த எனக்கு, என் மனைவிக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று தெரியவில்லை. போன் பண்ணிக் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பாள், போர்வை விஷயம் வெளியே வந்துவிடும். முடித்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்து அவள் பீரோவைத் திறந்தேன். சேலைகள் அடுக்கியபடி இருந்தன. அரக்கு, கடுகு மஞ்சள், மறுபடியும் அரக்கு, பாக்கு நிறம். ஆக அரக்கும் மஞ்சளும்தான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். கண்டுபிடித்துவிட்டதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் அதே கடைக்குப் போய் அந்த நிறங்களிலேயே துணி எடுத்தேன். தீக்குச்சி கொண்டுபோகவில்லை.

மிச்சம் இருந்தது கீழ்ப்பக்கத் துணி. ஒட்டுத் துண்டெல்லாம் மேலே இருக்கும். உடம்பைத் தொடுவது கீழே இருப்பதுதான். அது முரடாக இருக்கக் கூடாது, வழுக்கவும் கூடாது. நடுவில் ஒட்டுத்தையல் வந்தால் புரண்டு படுக்கும்போது உறுத்தும். அதனால் ஒரே அகலமாக வேண்டும். பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் என் சித்தப்பா மகனிடம் போனேன். அவனிடம் அகலத் தறியில் காடா ஓடிக்கொண்டிருந்தது. சாயமும் சலவையும் பார்க்காத, தறியிலிருந்து இறங்கிய பழுப்பு வெள்ளைத் துணி. அங்கங்கே பருத்தி விதைத் தோலின் பொட்டுப் பொட்டான புள்ளிகள்.

“ஏனுங்கண்ணா, வெறுங்காடாவயா அண்ணிக்குக் குடுக்கறீங்க?” என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினான். “சாயத்துக்குப் போட்டு, பூக்கீ அடிச்சு வாங்கிக்கலாமுங்களே?”

“கீழ்ப்பக்கந்தானப்பா. யாரு பாக்கப் போறா?”

கஞ்சி ஏறிய காடா அட்டைபோல் இருக்கும். அப்படியே வைத்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கி, போர்வை முழுவதையும் இழுத்துச் சுருட்டிவிடும். மாடியில் பெரிய குண்டாவில் கொதிக்கவைத்தேன், ஊறவைத்தேன், அலசி வெயிலில் போட்டேன், மறுபடியும் கொதிக்கவைத்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கிக் கொஞ்சம் மிருதுவானது. கடைசியில் பாலேட்டு நிறத்துக்கு வந்து, கையில் எடுத்தால் மடிந்து விழுகிற பதம் ஆனது. பொழுதுபோக்காக ஆரம்பித்தவன் அந்தத் துணியை எத்தனை தடவை தடவிப் பார்த்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தேன். காடா கீழே, பஞ்சு நடுவில், ஒட்டுத்துணி மேலே. அதை ஓர் ஆளால் செய்ய முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த முனையை இழுத்துச் சரி செய்தால் அந்த முனை சுருங்கும். எழுந்து அந்தப் பக்கம் போய்ச் சரி செய்தால் இந்தப் பக்கம் நகரும். எதிரே ஒருவர் மண்டிபோட்டுப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிட வேலை. ஒரு மூலையில் அரிசி டப்பாவை வைத்தேன், இன்னொன்றில் அம்மிக்குழவி, இன்னொன்றில் இஸ்திரிப் பெட்டி. நான்காவது மூலையில் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து ஊசி எட்டும் தூரம் வரை நூல் ஓட்டிவிட்டு, நகர்ந்து, மறுபடியும் ஓட்டினேன். நடுவில் ஒருதரம், “அந்தக் கத்திரிய எடு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எழுந்து நானே எடுத்து வந்தபோது என் மூலை நகர்ந்திருந்தது.

அத்தனை தடிமனில் மிஷின் ஊசி முறிந்தது. ஆகவே மீதியெல்லாம் கையால்தான். பாய் சொன்னபடி நாலு விரலுக்கு ஒரு வரிசை. விரல் நுனி மரத்துப்போனது. தை போனது, மாசி போனது. போர்வை முடிந்தபோது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பெங்களூரிலும் அப்போது விசிறி ஓடிக்கொண்டிருந்ததை நானே தினமும் பார்த்தேன். இந்த நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் கேலி செய்வார்கள். மடித்துக் கட்டிலில் அவள் படுக்கிற பக்கம் வைத்தேன். அங்கேயே இரண்டு மூன்று மாதம் இருந்தது.

ஆடிக் காற்று தொடங்கி, அங்கே மழையும் குளிருமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். கதவைத் திறந்தது என் மனைவிதான். சுடிதார் போட்டிருந்தாள். என்னோடு இருந்த காலத்தில் அவள் சேலை தவிர வேறு கட்டியதில்லை.

“என்னங்க மூட்டை?”

“பிரிச்சுப் பாரு.”

கூடத்தில் விரித்தார்கள். மகள், “அப்பா, நெசமாலுமே நீங்களே தெச்சீங்களா?” என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டுப் போட்டோ எடுத்தாள். மாப்பிள்ளை கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு வந்து, “சூப்பருங்க மாமா” என்று முதுகில் தட்டினார். பேத்தி அதற்குள் புகுந்து, “அப்புச்சி, என்னயக் கண்டுபுடிங்க” என்றாள். என் மனைவி மட்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சமையலறையில் எனக்குத் தோசை ஊற்றும்போது மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்க, இந்த அரக்கும் மஞ்சளும் எப்புடிப் புடிச்சீங்க?”

“உனக்குப் புடிக்குமேன்னுதான்.”

“ஆரு சொன்னா?”

“பீரோவுல பாத்தேன். இருந்ததெல்லாம் அதுதான?”

தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “புடிச்சதெல்லாம் நான் பொட்டில எடுத்துட்டு வந்துட்டனுங்க. கட்ட மாட்டேன்னு விட்டதுதான் அங்க கெடக்குது.”

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தேன். ஆனால் இத்தனை நாள் அவள் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்துத்தான் அவளை நினைத்துக்கொண்டிருந்தேனா என்று இருந்தது. தோசை கருகி மணம் வந்த பிறகுதான் இருவரும் அடுப்பைப் பார்த்தோம்.

படுக்கும் நேரத்தில் அவள் போர்வையைத் திருப்பிப் போட்டாள். அரக்கும் மஞ்சளும் உள்ளே போய், காடாப் பக்கம் மேலே வந்தது. என் தையல் வரிசைகள் அதில்தான் பளிச்சென்று தெரிந்தன, கோணலும் நெளிசலுமாக.

“அது அடிப்பக்கம்” என்றேன்.

“இருக்கட்டுமுங்க. எனக்கு இதுதான் புடிச்சிருக்குது. கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குது.” கையால் நீவிவிட்டாள். “எத்தன தடவ தொவைச்சீங்க இத? கன்னத்துல வெச்சா இழையே தெரியலீங்களே.”

நான் கூடத்தில் அவள் படுக்கும் திவான் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன். விடிந்து எழுந்தபோது முதலில் போர்வையைத்தான் பார்த்தேன். கீழே விழவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வையும் அவளோடு திரும்பி, தோள்மேல் கனமாகக் கிடந்தது. 

இரண்டாம் நாள் பேத்தியைப் பள்ளியில் விட மனைவியோடு நானும் போனேன். திரும்பி வரும்போது பூங்காவில் ஒரு பெஞ்சைக் காட்டி, “சித்த உக்காருங்க” என்றாள். தினமும் அவள் உட்காருகிற இடம்போல. அங்கே வந்த ஓர் அம்மா இவளைப் பார்த்துச் சிரித்துத் தெலுங்கில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இவளும் தலையாட்டினாள்.

“என்ன சொல்றாங்க?”

“ஆருக்குத் தெரியும்? அவங்க பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவங்களுக்குப் புரியாது. தெனமும் ரெண்டு பேரும் பேசிக்கறமுங்க. வேற ஆருகிட்டப் பேசறது?”

நான் அங்கே அவளைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்றாள். “போன்ல சொல்ல வேண்டாம்னு வெச்சிருந்தேன். புள்ளைக்கு மறுக்கா நாள் தள்ளியிருக்குதுங்க. இப்ப மூணாம் மாசம்.”

“நல்ல சேதிதான?”

“நல்ல சேதிதானுங்க.”

ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அவள் திரும்பி வர இன்னும் இரண்டு மூன்று வருடமாவது ஆகும்.

“நீங்களும் இங்கயே வந்துருங்களேன்” என்றாள்.

“பாக்கலாம்.”

அவள் வற்புறுத்தவில்லை. எனக்கு அந்த வீட்டில் உட்கார இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, “வாங்க, பருப்பு ஊறப் போடோணும்” என்றாள்.

ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்த ஒரு கூட்டம், பைகளும் சுருட்டிய படுக்கைகளுமாக நடைமேடை முழுக்க இந்தியில் பேசிக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் யாரோ ஒருவர் வந்து வழிகாட்டிக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் தாண்டி ஆட்டோ பிடித்தேன். வீட்டைத் திறந்தபோது பூட்டிக் கிடந்த வாசம் அடித்தது. கட்டிலில் போர்வை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இதுவரை அங்கே ஏதோ இருந்தது என்பதே அது இல்லாதபோதுதான் உறைத்தது.

அதன்பிறகு ஒருநாள் முற்பகலில் போன் அடித்தது. அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. பதறி எடுத்தேன்.

“ஒண்ணுமில்லீங்க. குட்டியப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் பூங்காவுல உக்காந்திருக்கறேன்” என்றாள். “பொறக்கப் போற கொழந்தைக்கு ஒரு சின்னப் போர்வை தெச்சுக் குடுங்க. ஆனா இந்தத் தடவ பீரோவத் தொறக்காதீங்க. நான் சொல்றதப் போடுங்க.”

“சொல்லு.”

“உள்ள பஞ்சு வேண்டாம். தெனமும் தொவைக்கோணும், மழைநாள்ல காயாது. உங்க பனியன் துணிலயே கெட்டியா ஒண்ணு நடுவுல வெய்ங்க. மேல கீழ நெய்ஞ்ச துணி இருந்தா அது இழுக்காதில்லீங்க?”

இழுக்காது. நெருக்கித் தையல் போட்டால் நிற்கும். எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும்.

“அடிக்குப் புதுத்துணி வேண்டாம். நீங்க கட்டிப் பழசான வேட்டியப் போடுங்க. பச்சக் கொழந்தைக்கு அதான் நல்லது.”

“மேலுக்கு?”

“அதுதான் பாக்கோணும். காட்டுங்க.”

கட் பீஸ் கடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்து, தினமும் அந்த நேரத்துக்குப் போன் முன்னால் பிடித்துக் காட்ட ஆரம்பித்தேன். ஆனால் போன் நிறத்தை அப்படியே காட்டாது. நான் வெளிர் பச்சை பிடித்தால் அவளுக்கு நீலமாகத் தெரிந்தது. ஜன்னலருகே போனால் வெளுத்துப்போனது. விளக்கைப் போட்டால் மஞ்சளடித்தது. இந்த வித்தியாசத்துக்காகவே வண்டி வண்டியாகத் துணியைத் திருப்பி அனுப்பியவன் நான். எரிச்சலாக வந்தது.

“போன உட்டுத் தள்ளுங்க” என்றாள். “நீங்க வாயில சொல்லுங்க. நான் நெனச்சுப் பாத்துக்கறேன்.”

துணியை மடிமேல் போட்டுக்கொண்டு யோசித்தேன். கம்பெனியில் எல்லா நிறத்துக்கும் ஒரு நம்பர் இருந்தது. அந்த நம்பரை அவளிடம் சொல்லி என்ன பயன்?

“ஒரு மழை பேஞ்சு உட்டதுக்கப்பறம் வேப்பங்கொழுந்து இருக்குமல்ல? மொத நாள் கொழுந்து. செவப்பு போயிப் பச்சை வர்றப்ப.”

அந்தப் பக்கம் பூங்காவில் யாரோ பந்தடிக்கிற ஓசை மட்டும் கேட்டது.

“தெரியுதுங்க” என்றாள். “நல்லா இருக்குது. அத வெய்ங்க. அடுத்தது?”

அடுத்ததைச் சொன்னேன். அதற்கடுத்ததையும். வேண்டாம் என்றவற்றைத் தனியே வைத்தேன். பிறகு அவள், “நேரமாச்சுங்க, குட்டிக்குப் பள்ளிக்கூடம் உட்டுருவாங்க” என்று போனை வைத்தாள். நான் துணிகளை மடித்து, அவள் சரி என்றதை ஒரு பக்கமாக அடுக்கினேன். மாடி வீட்டில் மோட்டார் ஓடி நின்றது. மணியைப் பார்த்தேன். பன்னிரண்டுகூட ஆகவில்லை; நாளைய போனுக்கு இன்னும் ஒரு நாள் முழுக்க இருந்தது.